மெக்சிகோகாரங்களுக்கு நான் எப்படி இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம், ஸ்பானிஷ் பேசுறவங்களும் இங்கிலீஷும். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க ஆன்லைன்ல கிளாஸ் எடுக்காங்க, கப்பல்ல அவங்களோட சேந்து வேலை பாக்காங்க, ஒரு வீட்டுக்கு மருமகளே அங்க இருந்து வந்திருக்கா. நானும் காலையில ஆறரை மணிக்கு பெரு நாட்டு ஆளுகளுக்கு அடிப்படை இங்கிலீஷ் எடுக்கேன், லிமாவுல அப்போ முந்தின நாள் ராத்திரி எட்டு மணி, வேலை முடிஞ்சு சாப்பிட்டு வந்து உக்காருவாங்க. அதனால இந்தப் பக்கத்த முழுசா இதுக்கே குடுத்துட்டேன்.

டீச்சர், எம்.ஏ., பி.எட். முடிச்சிட்டு வீட்டுல இருக்கேன். மெக்சிகோ ஆளுகளுக்கு ஆன்லைன்ல பேசிக் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க பார்ட் டைம் வேலை கிடைச்சிருக்கு. எனக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்து தெரியாது. எங்க இருந்து ஆரம்பிக்க?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

நல்ல வேலைம்மா, தைரியமாப் போ. ஸ்பானிஷ் தெரியலன்னா பரவால்ல, ஆனா அவங்க பண்ணுற தப்பு எங்க இருந்து வருதுன்னு தெரியாம மட்டும் கிளாஸுக்குள்ள போயிராத. அவங்க தாய்மொழி ஒரு மாதிரி நடக்கும், இங்கிலீஷையும் அதே நடையில நடத்தப் பாப்பாங்க, தப்பு அங்கதான் பொறக்கு. இதுல தமிழ்க்காரங்க நமக்கு ஒரு சௌகரியம் இருக்கு, இங்கிலீஷ்காரருக்கு விளங்காத சில இடம் நமக்கு சட்டுனு விளங்கும், ஏன்னா அந்த இடத்துல தமிழும் ஸ்பானிஷும் ஒண்ணு போலத்தான் போகுது.

முதல் நாள் வயசு கேட்டுப் பாரு. 'ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்'னு வரும். ஸ்பானிஷ்ல வயசு, பசி, தாகம், குளிரு, தூக்கம், பயம் எல்லாத்தையும் 'என்கிட்ட இருக்கு'ங்கிற மாதிரி 'தெங்கோ' போட்டுத்தான் சொல்லுவாங்க. நாம 'எனக்கு' போட்டுச் சொல்லுதோம், எனக்கு இருபது வயசு, எனக்குப் பசிக்கி. இங்கிலீஷ் மட்டும் 'ஐ ஆம் ட்வென்டி, ஐ ஆம் ஹங்ரி'ன்னு ஆளையே வயசாவும் பசியாவும் ஆக்கிருது. அதனால முதல் வாரம் பூரா 'ஆம், இஸ், ஆர்' போதும், வேற எதுக்கும் போவாத, இந்த ஆறு விஷயத்த வச்சே திரும்பத் திரும்பப் பேச வை.

அடுத்தது, வாக்கியத்துல ஆளக் காணாமப் போகும். 'இஸ் ரெய்னிங்', 'இஸ் வெரி எக்ஸ்பென்சிவ்'ம்பாங்க. வந்தேன், வந்தான், வந்தாள்னு நமக்கு வினையிலயே ஆள் ஒட்டிக்கிட்டு இருக்குல்ல, அவங்களுக்கும் அப்படித்தான், அதனால நான், நீ, அவன்னு தனியாச் சொல்ல அவசியமே இருக்காது. இங்கிலீஷ் வினை மொட்டையா நிக்கும், முன்னால யாராவது நின்னாத்தான் அதுக்கு உயிர். யாருமே இல்லன்னா கூட 'இட்'டுனு ஒரு ஆளக் கொண்டு வந்து நிறுத்தணும். இத முதல் மாசத்துலயே பழக்கிரு, விட்டா அப்புறம் போகவே போகாது.

இப்போ நான் ரொம்ப நேரம் செலவழிக்க இடத்துக்கு வாரேன், இன், ஆன், அட். ஸ்பானிஷ்ல இந்த மூணுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்லுதான், 'என்'. நமக்கும் ஒரே 'ல' தான், பெட்டியில, மேசையில, பஸ்ஸ்டாண்டுல, திங்கக்கிழமையில, எல்லாத்துக்கும் ஒண்ணு. அதனால அவங்க ஏன் திணறுறாங்கன்னு உனக்கு யாரும் விளக்க வேண்டாம். லிமாவுல இருந்து படிக்க ஒரு அம்மா 'தி கீஸ் ஆர் இன் தி டேபிள்'னு விடாம சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நான் விதி எதுவும் சொல்லல, கேமராவத் திருப்பி மேசை டிராயரத் தொறந்து சாவிய உள்ள போட்டு மூடினேன், 'இன் தி டேபிள்' இப்படின்னேன், அப்புறம் எடுத்து மேல வச்சேன், 'ஆன் தி டேபிள்' இப்படி. அன்னைக்கு அவங்க வீட்டுல இருக்க சாமானையெல்லாம் எடுத்து வச்சு எடுத்து வச்சுக் காட்டி அரை மணி நேரம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. உள்ளன்னா இன், மேல படிஞ்சிருந்தா ஆன், இன்ன இடம்னு மட்டும் சுட்டினா அட். நேரத்துக்கும் இதே மாதிரி பெருசுல இருந்து சின்னதுக்கு வா, வருஷமும் மாசமும் இன், கிழமையும் தேதியும் ஆன், மணி அட். கார்ல இருந்தா 'இன் தி கார்', பஸ்ல இருந்தா 'ஆன் தி பஸ்'னு வரும்போது முழிப்பாங்க, எந்திரிச்சு நடக்க முடிஞ்ச வண்டின்னா ஆன்னு சொல்லிக்குடு, ஆரம்பத்துக்கு அது போதும்.

இன்னும் ரெண்டு இடத்துலயும் நாமளும் அவங்களும் ஒரே பள்ளத்துலதான் விழுதோம். ஒண்ணு, பண்ணுறது. நமக்கு வீட்டுப்பாடமும் பண்ணலாம், தப்பும் பண்ணலாம், சத்தியமும் பண்ணலாம், அவங்களுக்கும் 'டூ', 'மேக்' ரெண்டுக்கும் பெரும்பாலும் 'அஸேர்'ங்கிற ஒரே வினை, அதனால 'டூ எ மிஸ்டேக்', 'மேக் ஹோம்வொர்க்'னு கலந்தடிப்பாங்க. இதுக்கு முழுசா ஒரு விதி கெடையாது, சேத்துச் சேத்து மனப்பாடம் பண்ண வைக்கணும். இன்னொண்ணு, 'அஞ்சு வருஷமா இங்க இருக்கேன்'. நிகழ்காலத்துலயே சொல்லி முடிச்சிருதோம் பாரு, ஸ்பானிஷ்லயும் அப்படியே, அதனால 'ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'னு வருது, நம்ம ஊர் இன்டர்வியூலயும் இதே வாக்கியத்தத்தான் கேக்கோம். 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. எத்தன காலம்னா ஃபார், எப்ப இருந்துன்னா சின்ஸ்.

ஆர்ட்டிகிள் மட்டும் நமக்கும் அவங்களுக்கும் நேர் எதிர். தமிழ்ல அந்தச் சரக்கே இல்ல, நாம 'தி'யத் தின்னுருவோம். அவங்க தேவையில்லாத இடத்துலயும் போடுவாங்க, 'தி ஹெல்த் இஸ் இம்பார்ட்டன்ட்'னு. பொதுவாப் பேசுனா 'தி' வேண்டாம்னு சொல்லு. ஆனா தொழில் சொல்லும்போது ஸ்பானிஷ்ல ஒண்ணும் போட மாட்டாங்க, அதனால அங்க 'ஐ ஆம் டீச்சர்'னு நம்ம மாதிரியே 'ஏ'ய விட்டுருவாங்க, அதையும் கவனி.

டீச்சருக்கு வணக்கம். என் மகன் கொலம்பியாக்காரப் பிள்ளையக் கட்டியிருக்கான். தங்கமான பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்லயும் அவளுக்குத் தெரிஞ்சதுலயும்தான் பேசிக்கிடுதோம். ஜூலையில 'மை ஃபாதர்ஸ்' வாராங்கங்கா, எத்தன அப்பான்னு நான் எப்படிக் கேக்க? அவ அம்மாவப் பத்திப் பேசும்போது 'ஹீ'ங்கா. நேத்து 'ஐ ஆம் போரிங்'னு சொன்னா, எனக்கு மனசு சங்கடமாப் போச்சு.
– ஒரு மாமியார், கல்லிடைக்குறிச்சி

அம்மா, ஒரு சங்கடமும் பட வேண்டாம். அப்பா ஒருத்தர்தான். ஸ்பானிஷ்ல அப்பாவுக்கு 'பாத்ரே', அப்பா அம்மா ரெண்டு பேரையும் சேத்துச் சொல்ல அதோட பன்மை, 'பாத்ரேஸ்'. அத அப்படியே இங்கிலீஷ்ல போட்டுருக்கா, ஜூலையில உங்க சம்பந்தகாரங்க ரெண்டு பேரும் வாராங்க, பலகாரத்துக்கு ஏற்பாடு பண்ணிருங்க. கூடப் பொறந்தவங்களக் கேட்டாலும் 'பிரதர்ஸ்'னு சொல்லி அதுக்குள்ள அக்கா தங்கச்சியும் இருப்பாங்க, அதுவும் இதே கதைதான், 'எர்மானோஸ்'னா ஆணும் பெண்ணும் சேந்தது. 'மை பேரன்ட்ஸ்'னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க, அவ புடிச்சிக்கிடுவா.

'ஹீ' 'ஷீ' குழப்பம், அவ அம்மாவ மதிக்காம வரதில்ல. அவங்க மொழியிலயும் அவன், அவளுக்குத் தனிச் சொல்லு இருக்கு, ஆனா பேச்சுல பெரும்பாலும் விட்டுருவாங்க, மேல சொன்ன மாதிரி வினையே ஆளக் காட்டிரும். அதோட அவனோட, அவளோட, அவங்களோட, உங்களோட, இந்த எல்லாத்துக்கும் 'சூ'ன்னு ஒரே சொல்லு. அதனால இங்கிலீஷ்ல ஹிஸ்ஸா ஹெர்ரான்னு ஒவ்வொரு தடவையும் நின்னு யோசிக்கணும், வேகமாப் பேசுனா மாறிரும். சும்மா திருத்திக்கிட்டே இருக்காதீங்க. அவ 'ஹீ இஸ் குக்கிங்'னா நீங்க 'ஓ, ஷீ இஸ் குக்கிங்?'னு கேட்டுட்டுப் பேச்ச நகத்துங்க.

'ஐ ஆம் போரிங்'ங்கிறதுக்கு அவ சொல்ல வந்தது 'எனக்கு போர் அடிக்கி'. 'ஐ ஆம் போர்ட்'னு வரணும். ஸ்பானிஷ்ல சலிப்புக்கு ஒரே சொல்லுதான், முன்னால நிக்கிற வினைய மாத்தி 'நான் அப்படிப்பட்ட ஆளு', 'இப்போ எனக்கு அப்படி இருக்கு'ன்னு பிரிப்பாங்க, இங்கிலீஷ் அத வால்ல 'இங்'கும் 'எட்'டுமாப் பிரிக்கி. வீட்டுல அடைஞ்சு கெடக்க மாதிரி இருந்திருக்கும் பாவம், சாயங்காலம் ஆத்துப் பக்கம் ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வாங்கம்மா.

உங்களுக்கு இன்னொரு நல்ல சேதி இருக்கு. 'எனக்கு சொதி பிடிக்கும்'னு நாம சொல்லும்போது பிடிக்கிறது சொதி, நான் வெறும் 'எனக்கு'. ஸ்பானிஷும் அட்சரம் பிசகாம இப்படித்தான், 'மே குஸ்தா'ன்னா 'எனக்குப் பிடிக்கும்', பிடிச்ச பொருளுக்குத் தக்கபடி வினை மாறும். 'ஐ லைக்'குனு ஆள முன்னால நிறுத்துறது இங்கிலீஷ் வழக்கம். அதனால அவளுக்கு இந்தத் தமிழ் வாக்கியத்த நேராச் சொல்லிக்குடுங்க, இங்கிலீஷ் வழியாச் சுத்த வேண்டாம். அத்தை, மதினி, கொழுந்தன் எல்லாமும் தமிழ்லயே சொல்லிக்குடுங்க, 'ஆன்ட்டி', 'அங்கிள்'ல நம்ம சொந்தம் ஒண்ணும் அடங்காது.

டீச்சரம்மா, நான் சரக்குக் கப்பல்ல இருக்கேன். எங்க போசன், அதாவது மேல்தள ஆளுகளுக்கு மேஸ்திரி, பெரு நாட்டுக்காரர், நல்ல மனுஷன். ஆனா ஃபிஃப்டீன்னு சொன்னாரா ஃபிஃப்டின்னு சொன்னாரான்னு தெரியாம தடுமாறுதேன். 'லிவ்', 'லீவ்' ரெண்டும் அவர் வாயில ஒண்ணாத்தான் வருது.
– ஒரு வாசகர், உவரி

தம்பி, குறில் நெடில்னு ரெண்டாங் கிளாஸ்ல படிச்சியே, அவருக்கு அது இல்ல. ஸ்பானிஷ்ல உயிர் ஒலி அஞ்சுதான், ஆ, எ, இ, ஒ, உ, நீட்டுனாலும் குறுக்குனாலும் அர்த்தம் மாறாது. நமக்கு கல்லுக்கும் காலுக்கும் வித்தியாசம் காதுலயே விழும், அவருக்கு ஷிப், ஷீப், ஃபில், ஃபீல் எல்லாம் ஒரே சத்தம். நீ நீட்டிச் சொல்லிக் காட்டுறதோட ரெண்டு சொல்லையும் சேத்து வச்சுச் சொல்லிக் காட்டு. 'வெசல்' 'பெசல்'னு கேக்கதும் இந்த வகைதான், பி-க்கும் வி-க்கும் அவங்களுக்கு ஒரே ஒலி.

ஆனா வேலை நேரத்துல உச்சரிப்புப் பாடம் நடத்த முடியாதுல்ல, அதுக்குத்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல கப்பலுக்குன்னே நிலையான இங்கிலீஷ் வாக்கியங்கள ஏத்துக்கிடுச்சு. அதுல சுக்கான் கோணத்தத் தவிர மத்த எண்ண ஒவ்வொரு இலக்கமாச் சொல்லணும்னு இருக்கு, 150-ன்னா 'ஒன் ஃபைவ் ஸீரோ'. சுக்கான் கோணம் போக மத்ததுக்கு நீங்களும் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ'ன்னே பேசிக்கோங்க, குழப்பமே வராது. 'மே', 'மைட்', 'குட்', 'ஷுட்' மாதிரி ரெண்டு அர்த்தம் தரக்கூடிய சொல்லையும் தவிர்க்கச் சொல்லுது, 'மே ஐ என்டர்?'னு இழுக்காம 'டூ ஐ ஹேவ் பெர்மிஷன்?'னு நேராக் கேக்கணும். சுக்கான் புடிக்கிறவர் உத்தரவத் திருப்பிச் சொல்லணும்ங்கிறதும் அதுல உண்டு, நீ எந்த உத்தரவு வந்தாலும் அப்படியே திருப்பிச் சொல்லிட்டுச் செய். இது பாஷைப் பிரச்சினையோட நிக்காது தம்பி, உயிர்ப் பிரச்சினை, கூச்சப்படாம கேளு.

லேசான வார்த்தைய முதல்ல, கஷ்டமானத அப்புறம், இப்படித்தானே வொக்காபுலரி சொல்லிக்குடுக்கணும்? ஸ்பானிஷ்காரங்களுக்கும் இதேதானா?
– ஒரு மாணவி, வள்ளியூர்

இல்லம்மா, அவங்களுக்கு அப்படியே தலைகீழ். நமக்கு 'இம்பாசிபிள்', 'நெசசரி', 'டிஃபிகல்ட்டி' எல்லாம் பெரிய வார்த்தை, அவங்களுக்கு அது 'இம்போஸிப்லே', 'நெசெஸாரியோ', 'திஃபிகுல்தாத்', அன்னாடம் வீட்டுல பேசுறது. ஸ்பானிஷ் லத்தீன்ல இருந்து பொறந்தது. இங்கிலீஷ் வேற குடும்பம்தான், ஆனா 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் புடிச்ச பிறகு பிரெஞ்சு வழியா லத்தீன் சொல்லு கூட்டங் கூட்டமா உள்ள வந்துச்சு. 'ஷன்'னு முடியிற இங்கிலீஷ் சொல்லு பலதும் அங்க 'ஸியோன்'னு முடியும், 'நேஷன்', 'நாஸியோன்'. 'ட்டி'ன்னு முடியிறது 'தாத்'னு முடியும், 'யுனிவர்சிட்டி', 'உனிவெர்ஸிதாத்'. இத முதல் நாளே காட்டுனா அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நம்பிக்கை வரும்னு நெனச்சுப் பாரு, ஏற்கெனவே நூத்துக்கணக்குல வார்த்தை தெரியும் அவங்களுக்கு.

அதுல கொஞ்சம் ஏமாத்துக்காரச் சொல்லும் இருக்கு. 'லிப்ரெரியா'ன்னா லைப்ரரி கெடையாது, புத்தகக் கடை. 'அசிஸ்தீர்'னா பெரும்பாலும் உதவி பண்ணுறது இல்ல, கூட்டத்துக்கோ கிளாஸுக்கோ போறது. 'எக்ஸிதோ'ன்னா எக்ஸிட் வாசல் இல்ல, வெற்றி. 'அக்துவால்மென்தே'ன்னா இப்போதைக்குன்னு அர்த்தம். ஆரம்பத்துல இப்படி ஒரு இருவது சொல்லு போதும், பட்டியலா எழுதிக் குடுக்காம அந்தந்தச் சொல்லு வாயில வரும்போது சொல்லு.

அவங்களுக்கு நிஜமான கஷ்டம் சின்னச் சின்னச் சொல்லுலதான். கெட் அப், கெட் ஆஃப், புட் ஆன், புட் ஆஃப், டேக் அவுட், இங்கதான் மடங்கி உக்காந்துருவாங்க, ஏன்னா அவங்க மொழியில ஒவ்வொண்ணுக்கும் தனி வினை இருக்கு. இதுலயும் தமிழ் உனக்குக் கை குடுக்கும். எடுத்துக்கோ, எடுத்து வை, எடுத்துட்டுப் போ, எடுத்துக் குடுன்னு ஒரே 'எடு'வ நாம என்ன பாடு படுத்துதோம், ஒட்டுறது மாறுனா அர்த்தம் மாறுதுன்னு ஒனக்குத் தெரியும். காலையில எந்திரிக்கதுல இருந்து ராத்திரி லைட்ட அணைக்க வரைக்கும் ஒரு நாள் கதைய இந்த வினைகள வச்சே சொல்ல வை.

நம்ம உச்சரிப்ப வச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கலாமா அக்கா? சிரிக்க மாட்டாங்களா?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

தாராளமா எடுக்கலாம். 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்'னு நம்ம ஊர்ல பலரும் சொல்லுதோம்ல, அவங்க 'எஸ்கூல்', 'எஸ்டேஷன்'ம்பாங்க, ஸ்பானிஷ்ல எஸ்-ஸும் இன்னொரு மெய்யும் சேந்து சொல்லு ஆரம்பிக்காது, ஒரு உயிர முன்னால போட்டுத்தான் ஏறுவாங்க. ஒனக்கு அது போயிருச்சுன்னா எப்படிப் போக வச்சன்னு அவங்களுக்குச் சொல்லு, 'ஸ்ஸ்ஸ்'ஸுனு இழுத்துட்டு 'கூல்'னு சேக்கச் சொல்லு. வி-யும் டபிள்யூ-வும் மட்டும் நீ சரி பண்ணிக்கோ, கீழ் உதட்டப் பல்லு தொட்டா வி, உதடு குவிஞ்சா டபிள்யூ.

நம்ம பிள்ளைகளுக்கே இங்கிலீஷ் வரல, எங்கேயோ இருக்க ஸ்பானிஷ்காரங்களுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?
– ஒரு ஆசிரியர், நாங்குநேரி

உங்க ஆதங்கம் எனக்கும் உண்டு ஸார். ஆனா அவங்க தப்பப் பாக்கப் பாக்கத்தான் நம்ம பிள்ளைக தப்பும் வேற மாதிரித் தெரியுது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'னு எழுதுற பையன் மக்குன்னு நெனைக்கக் கூடாது ஸார், 'எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க'ங்கிறத இங்கிலீஷாக்கப் பாடுபடுதான். அந்தத் தமிழ் வாக்கியத்தப் போர்டுல எழுதி, பக்கத்துல இங்கிலீஷ எழுதி, எது எங்க போச்சுன்னு அம்புக்குறி போட்டுக் காட்டுங்க. சிவப்பு மையில சுழிச்சு விடுறதவிட இது அவனுக்கு நின்னு பேசும்.

மேசைக்கு ஸ்பானிஷ்ல 'மேசா'வாமே, நம்மகிட்ட இருந்து போச்சா?
– ஒரு வாசகர், மணப்பாடு

இல்ல அண்ணாச்சி, போர்ச்சுக்கீசியர் வழியா நம்மகிட்ட வந்தது. முத்துக்குளித்துறைக் கரையில 16-ஆம் நூற்றாண்டுல அவங்க நடமாட்டம் உங்களுக்குச் சொல்ல வேண்டாம், உங்க ஊர்ல தங்குன சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல, அவர் பொறந்தது இன்னைக்கு ஸ்பெயின்ல இருக்க நவார்ரா. போர்ச்சுக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி, அதனால நம்ம மேசை, அலமாரி, சாவி, மேஸ்திரி எல்லாத்துக்கும் ஸ்பானிஷ்ல சொந்தக்காரச் சொல்லு உண்டு, மேசா, அர்மாரியோ, யாவே, மாஎஸ்த்ரோ. அதுல மேஸ்திரியோட சொந்தக்காரர் அங்க வாத்தியாரா இருக்கார். கிளாஸ் எடுக்க பிள்ளைங்க முதல் நாள் இத எடுத்து விட்டா அறிமுகமே கலகலன்னு ஆயிரும்.

என் ஸ்டூடன்ட் இங்கிலீஷ்லயும் கேள்விக்கு முன்னால தலைகீழ் கேள்விக்குறி போடுதார். ஏன்?
– ஒரு வாசகி, தென்காசி

1754-ல ஸ்பெயினோட மொழி அகாடமி கொண்டு வந்த வழக்கம் அது. ஸ்பானிஷ்ல 'நீ நாளைக்கு வேலை பாக்க', 'நீ நாளைக்கு வேலை பாக்கியா' ரெண்டும் எழுத்துல அச்சு அசலா ஒண்ணா இருக்கலாம், குரல் ஏறுறத வச்சுத்தான் கேள்வின்னு தெரியும், அதனால வாசிக்கிறவர முன்னாலேயே உஷார் பண்ண அந்தக் குறி. நமக்குக் கடைசியில 'ஆ' இருக்கு. இங்கிலீஷுக்கு முன்னால 'டூ', 'டஸ்', 'டிட்' இருக்கு, அதத்தான் அவங்க விட்டுட்டு 'யூ ஒர்க் டுமாரோ?'ங்கிறது. அவர் போடுற அந்தத் தலைகீழ் குறிய வச்சே பாடம் எடு, அது இருக்க எடத்துல 'டூ'வோ 'டஸ்'ஸோ 'டிட்'டோ வந்து உக்காரணும்னு சொல்லு, தெனம் பத்துக் கேள்வி எழுதச் சொல்லு, ஏற்கெனவே 'இஸ்', 'ஆர்', 'கேன்' இருக்க வாக்கியத்துல அதுகளையே முன்னால தூக்கிப் போட்டாப் போதும்ங்கிறத ரெண்டாவது வாரம் ஆரம்பி.